நறுமண டிஃபியூசர்: மலையகக் குளிருக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது?

கொழும்பிலிருந்து வாங்கி வந்த 300 மில்லிலீட்டர் டிஃபியூசர் ஒன்றை மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் இரண்டு வீடுகளில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று ஹட்டன் நகரில் நாங்கள் குடியிருக்கும் சீமெந்து வீடு. மற்றது கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அத்தையின் லயக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. நகரத்து வீட்டில் கருவி மனதுக்குப் பிடித்துப்போனது. லயத்தில் அது தந்த சுகத்தை விடத் தொல்லை கூடுதல். கருவியில் பழுது எதுவும் இல்லை. அது எந்த மாதிரி வீட்டுக்காகச் செய்யப்பட்டதோ, அந்த மாதிரி வீடு லயம் இல்லை, அவ்வளவுதான். வாங்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் காசளவு வட்டமாக ஒரு பீசோ தட்டு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது செக்கனுக்கு 17 இலட்சம் தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீரின் மேற்பரப்பு மிக நுண்ணிய துளிகளாகச் சிதறுகிறது. சிறிய விசிறி ஒன்று அந்தத் துளிகளை மேலே தள்ளிவிடுகிறது. தண்ணீரில் விட்ட தைலமும் அவற்றோடு சேர்ந்து அறைக்குள் பரவுகிறது. தைலம் சூடாவதில்லை என்பதால் அதன் வாசனை கருகாமல் அப்படியே வருகிறது. மெழுகுதிரி வைத்துச் சூடாக்கும் மண் விளக்குகளில் இந்த நயம் கிடைக்காது. சத்தமும் இல்லை, காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல் கேட்கும்.

மின்செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. என்னுடைய கருவி எடுப்பது சுமார் 12 வாற்று. இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். மின்னழுத்தம் தளர்ந்து பல்ப் மங்கும் லயங்களிலும் இது தடுமாறாமல் ஓடுகிறது. தண்ணீர் தீர்ந்ததும் தானாக நின்றுவிடுகிறது. கூட வரும் அடப்டரின் முள் நம் வீட்டுப் பிளக்குக்குப் பொருந்தாமல் இருந்தால் நல்ல மாற்றுப் பிளக் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தளர்ந்து நிற்கும் மலிவுப் பிளக்கை இரவு முழுக்க மாட்டி வைப்பது ஆபத்து.

இனிக் குளிருக்கு வருவோம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கந்தப்பளைக்கு அருகிலுள்ள நுவரெலியா 1,868 மீட்டரில். தை, மாசியில் வானம் வெளுத்துக் கிடக்கும் இரவுகளில் நுவரெலியாப் பக்கம் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கும். விடிந்து பார்த்தால் புல்வெளியிலும் மரக்கறித் தோட்டத்திலும் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் உறைபனி விழுந்த இடத்துக் கொழுந்து கருகிப்போகும். இதே குளிரும் வறண்ட காற்றும்தான் தை முதல் பங்குனி வரை திம்புலைப் பக்கத்துத் தேயிலைக்கு நறுமணத்தைக் கொடுத்து ஏலத்தில் விலையை ஏற்றுகின்றன. தேயிலையின் வாசனையும் தைல வாசனைதான். லினலூல், ஜெரானியோல் என்று லவண்டரிலும் ரோஜாவிலும் இருக்கும் பொருட்கள் கொழுந்திலும் இருக்கின்றன. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் குளிர்ச்சியான வாசனைக்கு முக்கியக் காரணம் மெதைல் சலிசிலேட். மூட்டு வலிக்கு நாம் பூசும் பாம்களில் இருப்பதும் அதே பொருள்தான். குளிரில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்து முழங்காலுக்குப் பாம் தேய்க்கும் ஒருவரின் கையிலும், அவர் பறித்த தேயிலையிலும் ஒரே வாசனைப் பொருள் இருக்கிறது என்பது என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது.

கருவிக்குத் திரும்புவோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வீட்டைக் கதவடைத்துச் சூடாக்கி வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளறைக் காற்று காய்ந்து, மூக்கு வறண்டு, உதடு வெடிக்கும். ஈரத்தையும் வாசனையையும் சேர்த்து ஊதும் கருவி அங்கே இரட்டை உதவி. நம் மலையில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்கும் வழக்கம் கிடையாது. பகலில் வெளிக்காற்று வறண்டிருந்தாலும் இரவில் அறைக்குள் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஈரமானி ஒன்றை அத்தையின் காம்பராவில் வைத்தேன். கருவி ஓடாமலேயே இரவில் 85 வீதத்தைத் தாண்டியது. டிஃபியூசரை ஓடவிட்டபோது 90 வீதத்துக்கு மேலே போய் நின்றது. காலையில் கூரைத் தகரத்தின் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரோரம் மடித்து வைத்திருந்த கம்பளியைத் தொட்டால் குளிர்ந்த ஈரம். சுவரின் மூலையில் முன்பே இருந்த பூஞ்சணக் கறைக்கு இதை விட நல்ல தீனி வேண்டுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தண்ணீர்த் துளி காற்றில் கரைந்து ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது அறையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 35 மில்லிலீட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் அறை இழக்கும் வெப்பம் ஏறக்குறைய 24 வாற்று. தூங்கும் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. கருவி மின்சாரமாக எடுப்பதோ 12 வாற்றுதான். சின்ன அறையில் படுத்திருப்பவருக்கு இது கூடுதல் குளிரைத்தான் தரும். அத்தை கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “என்னாப்பா இது, பொக மாதிரி வருது, சூடே இல்லையே” என்றார். ஈரமானியை எடுத்து நான் விளங்கப்படுத்துவதற்கு முன்பே விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது.

லயத்தில் இன்னொன்றும் குறுக்கே நிற்கிறது, விறகுப் புகை. குசினிக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அடுப்புப் புகை படிந்த காற்றில் லவண்டர் கலந்தால் இரண்டும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கின்றன. அந்தக் காம்பராவுக்கு முதலில் வேண்டியது புகை வெளியேற ஒரு வழியும் ஒழுகாத கூரையும். வாசனை அதற்குப் பிறகுதான்.

ஹட்டன் வீட்டில் கதை வேறு. அறை உலர்ந்திருந்தது, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தோம். படுக்கப் போகுமுன் அரை மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்திவிடுவோம். தொட்டியை நிரப்பாமல் 100 மில்லிலீட்டர் தண்ணீரில் மூன்று, நான்கு துளி போதும். இரவு முழுக்க ஓடவிட்டால் மூக்கு பழகிப்போய் வாசனையே தெரியாது, தலைவலிதான் மிஞ்சும்.

எந்தத் தைலம் என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். யூக்கலிப்டஸ் நமக்குப் பழகிய வாசனை. தோட்டத்து விறகுக்காக நட்ட தைல மரங்கள் மலையெங்கும் நிற்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு அந்த விறகுதான் போகிறது. ஆனால் விறகுக்காக அதிகம் நடப்பட்ட கிராண்டிஸ் வகையின் இலையில், மூக்கடைப்புக்கு நாம் நாடும் சினியோல் மிகக் குறைவு. அது நிறைய இருப்பது குளோபியூலஸ் வகையில். ஆகவே போத்தலின் லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கருங்கண்ணாடிப் போத்தலா என்றும் பாருங்கள். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு நாள் வைத்தால், கலப்பில்லாத யூக்கலிப்டஸ் எண்ணெய்க் கறை விடாமல் பறந்துவிடும். கறை தங்கினால் வேறு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள்.

புதினாத் தைலத்தைக் குளிர்காலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்தோல் நம் நரம்புகளில் குளிரை உணரும் அதே வாசலைத் தட்டுகிறது. டிஆர்பிஎம்8 என்ற அந்த வாசலைக் கண்டறிந்ததில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் பங்குண்டு. வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக 2021இல் இருவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தோலை முகர்ந்ததும் மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வு வரும். உள்ளே போகும் காற்றின் அளவு மட்டும் மாறுவதில்லை. மூக்கடைப்பில் தவிப்பவருக்கு அந்த உணர்வே ஆறுதல்தான். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு அது இன்னும் கொஞ்சம் குளிர்.

எனக்கு மிகவும் பிடித்தது கறுவா இலைத் தைலம். நம் நாட்டுச் சரக்கு. அதில் பெரும் பகுதி யூஜெனோல், கராம்பின் வாசனையைத் தருவதும் அதுவே. பிளேன்டியில் இஞ்சி தட்டிப் போட்ட மாதிரி அறைக்கே ஒரு கதகதப்பு வந்ததாகத் தோன்றும். ஒரு துளி போதும், இரண்டு விட்டால் கண் எரியும். தோலில் நேரே படவே கூடாது. கறுவாப் பட்டைத் தைலம் இன்னும் காரம், அதைத் தொடவே வேண்டாம். கராம்பு, கறுவா, தோடம்பழத் தோல் எண்ணெய் போன்றவை சில பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும். தொட்டியின் அடியில் பிபி (PP, பொலிபுரொப்பிலீன்) என்று பொறித்திருக்கும் கருவியையே வாங்குங்கள். வாங்கிய கருவியில் அந்த எழுத்து இல்லாவிட்டால் இந்தத் தைலங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சிட்ரொனெல்லாவின் வாசனை தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் புதிதாக இருக்காது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மண்ணைத் தேற்ற நடும் மானாப்புல் இதற்கு நெருங்கிய உறவு. லவண்டர் எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் விலை கூடிய சரக்கு என்பதால் கலப்படமும் கூடுதல்.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு ஒரு நன்மை உண்டு. மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்புக் கற்பாறைத் தண்ணீர் உள்ள யாழ்ப்பாணத்தில் இதே கருவியை ஓட்டினால் மேசையெல்லாம் வெள்ளைத் தூள் படியும், தட்டிலும் உப்பு கட்டும். இங்கே அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் ஊற்றுத் தண்ணீரில் இருக்கும் கிருமியையும் இந்தக் கருவி அப்படியே காற்றில் ஏற்றிவிடும். கொதித்தாறிய நீரையே ஊற்றுங்கள், மிஞ்சியதை அன்றன்றே கொட்டித் தொட்டியைத் துடைத்துக் காயவையுங்கள். கிருமி சாகட்டும் என்று டெட்டோல் மாதிரி எதையும் தொட்டியில் விடக்கூடாது. தென்கொரியாவில் ஈரப்பதக் கருவிகளின் தண்ணீரில் கலந்த கிருமிநாசினியால் நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் சிதைந்து இறந்தார்கள். 2011இல்தான் அதன் காரணம் வெளியே வந்தது.

அப்படியானால் லயத்துக்கு எது உதவும்? பாமசியில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் ஆவிக் கருவியையும் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தேன். டிஃபியூசரை விட மிக மலிவு. சூடான ஆவி நேரே மூக்குக்குப் போகிறது, ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது, அறை நனைவதில்லை. தண்ணீரில் ஒரு துளி யூக்கலிப்டஸ் போதும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சட்டியில் கொதிநீர் வைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பதை விட இது பாதுகாப்பானது. சட்டி கவிழ்ந்து சுட்டுக்கொண்ட பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. இதிலும் கொதிநீர் இருக்கிறது என்பதால் சமதளத்தில் வைத்து, ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளுக்குக் கொத்தமல்லி வேர்க்கொம்பு அவித்துக் குடிப்பதை எந்தக் கருவியும் மாற்றப்போவதில்லை.

கை கால் வலிக்குத் தைலம் பூசுவதானால் 30 மில்லிலீட்டர் நல்லெண்ணெயில் பன்னிரண்டு துளிக்கு மேல் வேண்டாம். தேங்காயெண்ணெய் நுவரெலியாக் குளிரில் உறைந்தே கிடக்கும், கலப்பது சிரமம். போத்தலை அடுப்படியில் வைக்காதீர்கள், யூக்கலிப்டஸ் எண்ணெய் சட்டென்று தீப்பிடிக்கும்.

விலைக்கு வருவோம். டிஃபியூசருக்கும் இரண்டு போத்தல் தைலத்துக்குமாக எனக்கு ஆனது ஏழாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை ஊடாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் இது ஐந்து நாள் உழைப்பு. உலர்ந்த அறை, காற்றோட்டம், இரவில் மனம் அடங்க ஒரு வாசனை வேண்டும் என்ற விருப்பம் ஆகிய மூன்றும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். ஐந்து நாள் சம்பளத்தை லயத்துக்குச் செலவிடுவதானால் கனமான ஒரு கம்பளியும் ரப்பர் வெந்நீர்ப் பையும் அந்தப் பிளாஸ்டிக் ஆவிக் கருவியும் வாங்கச் சொல்வேன்.

கடைசியாக, ஊருக்கு வரும்போது அன்பளிப்பாக டிஃபியூசரைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குக் கொடுக்க நினைக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கு: தயவுசெய்து வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூக்கருகே மென்தோலும் கற்பூரமும் போனால் மூச்சுக் குழல் இறுகிவிடக்கூடும். யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனாலே சிறு பிள்ளைக்கு வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. இழுப்பு உள்ள பிள்ளைக்கு எந்தக் கடும் வாசனையும் ஆகாது. போத்தல் பிள்ளையின் கைக்கு எட்டி, கொஞ்சம் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மடுவத்துக்குக் கொடுப்பதானால் தடித்த பாயும் கம்பளிக் காலுறையும் கொடுங்கள்.