கேப்டன் டிரைப் வரைந்த மேகங்கள்

நூற்றறுபது வருஷங்களுக்கு முந்திய கோயில் போட்டோக்களைப் புரட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். கோபுரமும் மண்டபமும் மதிலோரத்துப் புல்லும்கூட அவற்றில் துல்லியமாக விழுந்திருக்க, ஆகாயம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெறித்துக் கிடக்கும். அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கே பெரிதும் வசப்படுவது. ஆகையால் கருங்கல்லின் நெளிவு சுளிவுகளெல்லாம் பதிவாக வேண்டுமென்று நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்தால், அதற்குள் வானத்து நீலம் நெகடிவில் அளவுக்கு மிஞ்சிக் கறுத்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வந்துவிடும். மரத்துப் பச்சையோ அந்தப் பூச்சின் கண்ணுக்கே புலப்படாமல் கரிக்கட்டியாக நின்றுவிடும். சொல்லப்போனால், அந்தப் படங்கள் பொய் சொல்லத் தொடங்கியது மனிதன் கை வைப்பதற்கு முன்பே.

கம்பெனிப் பட்டாளத்து அதிகாரியாக இருந்து, பிறகு சென்னை ராஜதானி சர்க்காருக்கே போட்டோகிராபராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், 1857 கடைசியிலும் 1858-லுமாக ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெரிய காமிராவும் மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களும் சுமந்து சுற்றியவர். அதற்கு முன், 1855-ல், பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக் கோஷ்டியோடு போய் அமரபுரத்தையும் படம் பிடித்தவர். அவருடைய பிரிண்டுகளில் பலவற்றில், ஆச்சரியமாக, மேகங்கள் உண்டு. அவை வானத்தில் இருந்த மேகங்கள் அல்ல; நெகடிவின்மேல் அவரே வர்ணம் தீற்றி வரைந்தவை.

இது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை நின்று யோசிக்க வேண்டும். நெகடிவில் வர்ணம் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவாது. ஒளி ஊடுருவாத இடம் பிரிண்டில் வெளுக்கும். ஆகவே வானம் சற்றே சாம்பல் பூத்து அச்சாகும் பகுதியில், மேகம் வர வேண்டிய இடத்தை மட்டும் மறைத்துப் பூச வேண்டும். இலைகளில் வெயில் தங்கிய மாதிரித் தெரிய வேண்டுமானாலும் அதே உபாயந்தான். கரித்தூளால் கோலம் போட்டு, விடிந்தால் அது வெள்ளைக் கோலமாகிவிடும் என்று நம்பி எழுந்து போவதற்கு ஒப்பான வித்தை இது. நம்மூர் ஸ்டூடியோக்களில், பென்சிலை ஊசியாகச் சீவிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை நெகடிவிலேயே நிரவிக் கொடுத்த டச்சிங் கலைஞர்களுக்கு டிரைப்பைப் பாட்டனார் என்றே சொல்லலாம்.

அந்த மேகங்களால் படத்துக்கு என்ன வந்தது? வெள்ளை வானத்தின் கீழ் நிற்கும் மண்டபம் சர்க்கார் ஜாபிதாவில் ஏறிய ஒரு சொத்து. அதன்மேல் இரண்டு கீற்று மேகம் மிதக்கத் தொடங்கியதும் அதற்கு ஒரு வேளை வந்துவிடுகிறது, காற்று வந்துவிடுகிறது, வழிப்போக்கன் ஒருவன் நடந்து களைத்து அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தான் என்ற பாவம் வந்துவிடுகிறது. இதே மனிதர்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை இருபத்தொரு பிரிண்டுகளாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கித் தந்தவர். எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டிய அந்த இடத்தில் மேகத்துக்கும் வேலை இல்லை, மனோதர்மத்துக்கும் வேலை இல்லை. வானத்தில் தாராளம், கல்லில் கண்டிப்பு: அவரிடம் எனக்கு மரியாதை பிறந்தது இந்த விவேகத்தால்தான். சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்ததும், இதெல்லாம் கஜானாவுக்குக் கட்டாத ஆடம்பரம் என்று அந்த வேலைக்கு முடிவு கட்டினார். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அதே தசாப்தத்தில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியே எடுத்துத் தொடுவானத்தில் இரண்டையும் பொருத்தினார். காட்சி அபாரம், ஆனால் ஒரே மேகக்கூட்டம் வேறு வேறு கடல்களின்மேல் வந்து நிற்பதைக் கண்டுகொண்ட பிறகு எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. இதற்கு நேர் எதிராக, ஃபிரடெரிக் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நெகடிவைத் தொடுவதையே விரும்பாதவர். வெல்ஸ் தேவாலயத்தின் தேய்ந்த படிகள் அலையலையாக ஏறும் அவருடைய 1903-ஆம் வருஷத்துப் பிளாட்டினம் பிரிண்டைப் பார்த்தால் அவரோடு வாதாட நா எழாது. எனினும், குளிர்ந்த தேவாலயத்துக்குள் ஒளி வரும்வரை காத்திருக்க அவருக்கு முடிந்தது. உத்தரவும் ஊர்ப்பட்டியலும் கையில் வைத்துக்கொண்டு நம் வெயிலில் அலைந்த கேப்டனுக்கு அது சாத்தியமா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆன்ஸல் ஆடம்ஸின் விஷயம் வேறு. 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரருகே, மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளின்மேல் அணையப்போகும் தருணத்தில், ஒளிமானியைத் தேடி எடுக்கக்கூட அவகாசமின்றி, நிலாவின் பிரகாசத்தை மனக்கணக்காகப் போட்டு அவர் எடுத்தது ஒரே ஒரு நெகடிவ். அதிலிருந்து நேராக எடுத்த பிரிண்டில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகள் ஓடிச் சாதாரணமாக இருக்கிறது. பிற்காலத்துப் பிரிண்டுகளிலோ, இருட்டறையில் சில இடங்களைக் கையால் மறைத்தும் சில இடங்களில் கூடுதலாக ஒளி பாய்ச்சியும், வானத்தை நள்ளிரவுபோல் கறுக்க வைத்து, சிறு தேவாலயத்தையும் சிலுவைகளையும் உலகத்தில் தனியே விட்டுவிடுகிறார். நெகடிவ் ஸ்வரக் குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்ற கருத்துடையவர் அவர்; இளமையில் பியானோ பயின்றவர் அல்லவா? இருபது வயதில் பாடிய கீர்த்தனையையே அறுபது வயதில் சவுக்க காலத்தில் பாடக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் என் அண்ணன் மகன், தஞ்சையில் கோபுர வாசல் கடந்து கிழக்கே நின்று எடுத்த விமானத்தின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்து, “சித்தப்பா, வானம் சப்புன்னு இருக்கு, மாத்திடட்டுமா?” என்றான். போட்டோஷாப்பில் 2020 முதல் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறதாம். கண்ணிமைப்பதற்குள் விமானத்துக்குப் பின்னால் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி ஓர் அஸ்தமனம் வந்து இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் சூரியன் விமானத்தின் முதுகுக்குப் பின்னால் விழுகிறதென்றால் நம்மைப் பார்க்கும் முகம் இருண்டல்லவா இருக்க வேண்டும்? அதுவோ காலை பதினொரு மணி வெயிலில் பளபளவென்று நிற்கிறது. ஒவ்வொரு தளத்துக் கபோதத்தின் கீழும் நிழல் சுவரில் நீளமாக இறங்கி விழுந்து, ‘நான் முற்பகல், நான் முற்பகல்’ என்று சாட்சி சொல்கிறது. “நிழலைப் பாருடா” என்றேன். இரண்டு நிமிஷம் பார்த்தவன் ஒன்றும் பேசாமல் பழைய வானத்தைத் திரும்பக் கொண்டுவந்தான்.

பிறகு இருவருமாக உட்கார்ந்தோம். வெளிச்சம் மிகுந்த இடங்களைக் கொஞ்சம் இறக்கினதும், வெயிலில் வெளிறியிருந்த கல்லில் அதன் சொந்தப் பழுப்பு திரும்பியது. முன்னால் கிடந்த தரையைக் கருக்கினோம். நீலத்தை ஒரு பிடி ஆழமாக்கினோம். சிகரத்தை மட்டும் இருந்தபடியே விட்டோம். முற்பகல் முற்பகலாகவே இருந்தது. கூட்டமெல்லாம் கலைந்து கோயில் தனக்குள் திரும்பிவிட்ட மாதிரி ஒரு கம்பீரம் அதில் குடியேறியது. கீழ்மூலையில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துவிடலாமா கூடாதா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை; படம் பாட்டிலோடு கூடத்தில் மாட்டியிருக்கிறது.