ஓய்வும் ஓய்ந்துபோதலும்

எனக்கு 26 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மாலை, சென்னையில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அறைக்குப் போக இன்னும் பதினோரு படிகள்தான். அந்தப் பதினோரு படிகளை ஏற வேண்டியதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்புதான் அலுவலகத்தில் மகளிர் தினத்தையொட்டி மனநலக் கூட்டம் ஒன்று நடந்தது. பேச வந்தவர் அன்பானவர். பர்ன்அவுட் வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று சொன்னார். “தினமும் உங்களுக்கென்று முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் யாருக்காகவும் எதுவும் செய்யாதீர்கள்” என்றார். நான் குறித்துக்கொண்டேன். கூட்டத்துக்குப் போன ஒரு மணி நேரத்தின் வேலையை இரவு உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு விடுதிக்கு ஓடினேன். ஒன்பது மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

அந்த முப்பது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அலுவலகத்திடமிருந்து எடுக்க முடியாது. பேருந்திடமிருந்தும் முடியாது. எனவே தூக்கத்திலிருந்து எடுத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து மொட்டைமாடியில் நடந்தேன். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள்தான் அந்தப் படிக்கட்டு.

விடுப்பு சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்குப் போனேன். இரண்டு வாரம் தூங்கினேன். எழுந்தால் காப்பி இருந்தது. பசித்தால் சோறு இருந்தது. துணிகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. தேறிவிட்டேன். கிளம்புகிற அன்றுதான் அம்மாவின் கால்களைப் பார்த்தேன், இரண்டும் வீங்கியிருந்தன. கேட்டதற்கு, “அதெல்லாம் ஒன்னுமில்ல ஏட்டி, ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றாள்.

எனக்குக் கிடைத்த ஓய்வு யாருடைய நேரம் என்று ரயிலில்தான் யோசித்தேன். அதன் பிறகு, பெண்ணின் நேரத்தைப் பற்றி நான் முன்பே படித்தவற்றையும் பார்த்தவற்றையும் அந்தக் கேள்வியோடு மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

முதலில் சொல்லைப் பார்த்தேன். பர்ன்அவுட் என்ற சொல்லை மருத்துவ உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த தன்னார்வலர்கள் ஓய்ந்துபோவதைக் கண்டு 1974இல் எழுதினார். சம்பளம் வாங்காமல் பிறரைக் கவனித்துக்கொண்டவர்களைப் பார்த்துத்தான் இப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை கொடுத்தபோது அது தொழில் சார்ந்த நிலை ஆகிவிட்டது. சக்தி தீர்ந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் என்று மூன்று அடையாளங்கள். வாழ்க்கையின் மற்ற பகுதிகளில் நேர்வதைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இந்த வரையறைப்படி எனக்கு வந்தது பர்ன்அவுட். முப்பது ஆண்டுகளாக விடுமுறையே இல்லாமல் சமைக்கும் என் அம்மாவுக்கு வருவதற்குப் பெயர் கிடையாது.

தமிழ் இந்த விஷயத்தில் பரவாயில்லை. ‘ஓய்’ என்ற ஒரே வேரிலிருந்துதான் ஓய்வும் வருகிறது, ஓய்ந்துபோதலும் வருகிறது. ‘ஓயாமல் உழைத்தாள்’ என்று பெண்ணைப் புகழ்கிறோம். ‘ஓய்வூதியம்’ என்று சம்பளக்காரருக்குக் கொடுக்கிறோம். என் அம்மாவைப் போன்றவர்கள் ஓய்வு எடுப்பதில்லை, ஓய்ந்துபோகிறார்கள்.

அடுத்து வர்ஜீனியா உல்ஃப். பெண்ணின் தனி நேரம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது 1929இல் வந்த ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலைத்தான். கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த நூல் அது. பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் பூட்டுப் போட்ட அறையும் வேண்டும் என்றார். கல்லூரியில் படித்தபோது அந்த அறை மட்டும்தான் என் மனத்தில் நின்றது. இப்போது படித்தால் பணம்தான் முதலில் கண்ணில் படுகிறது. மனத்தை அடக்கு, காலையில் சீக்கிரம் எழு என்றெல்லாம் உல்ஃப் சொல்லவில்லை. காசைப் பேசினார். இன்றைய அறிவுரைகளைவிட அவர் நேர்மையானவர்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நூலின் கதைசொல்லிக்கு அதை விட்டுச்சென்ற அத்தை, பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போனபோது விழுந்து இறந்தவள். அந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவன் யார், அத்தை வீட்டில் சமைத்தவள் யார் என்று நூல் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

உல்ஃபின் வீட்டிலேயே இன்னொரு அறை இருந்தது. நெல்லி பாக்ஸல் என்ற பெண் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவருக்குச் சமைத்தார். இருவருக்கும் ஓயாத சண்டை. உல்ஃபின் நாட்குறிப்புகள் முழுக்க அது இருக்கிறது. 1929இன் கடைசியில், அந்த நூல் வெளிவந்த சில வாரங்களில், என் அறையை விட்டு வெளியே போங்கள் என்று நெல்லி அவரிடம் சொல்லிவிட்டார். உல்ஃபைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் கேட்ட அதே அறையை அவருடைய சமையல்காரரும் கேட்டார் என்பதற்காகச் சொல்கிறேன். உல்ஃப் எழுதிய நேரத்தில் நெல்லியின் நேரமும் கலந்திருக்கிறது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதைக்கு வருகிறேன். 1988இல் இதே பெயரில் தொகுப்பும் வந்தது. ராஜஸ்தானியக் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிற மீனாட்சி, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் சமையலறையைப் பார்க்கிறாள். வெளியே இருக்கும் வராந்தாவை அகலப்படுத்தினால் பெண்களுக்கு வசதியாக இருக்கும் என்று மாமனாரிடம் சொல்கிறாள். யாரும் சண்டை போடவில்லை. அந்த இடத்தில் துணி காயப்போடக் கொடி கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஜன்னலில் தெரிந்த மலையைத் துணிகள் மறைத்துக்கொள்கின்றன.

வகுப்பில் இந்தக் கதையை ஆணாதிக்கம் பற்றிய கதை என்று படித்தோம். அது உண்மைதான். ஆனால் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது, மீனாட்சி கேட்டது தனக்கு மட்டும் அல்ல என்பது. அவள் சமையலறையிலிருந்து தப்பிக்க வழி தேடவில்லை. அங்கே நிற்கிற எல்லோருக்குமாக இடம் கேட்டாள். கதையின் முடிவிலும் அவள் தனியாகப் போய்விடுவதில்லை. மாமியாரான ஜீஜியின் அருகில் இருந்து பேசுகிறாள். சமையலும் நகையும் பிள்ளைகளும் தருகிற அதிகாரத்தை உதறிவிட்டு உனக்குள்ளே போ என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். இங்கே மட்டும் எனக்கு அம்பையோடு ஒரு சின்னப் பிணக்கு உண்டு. ஜீஜி உள்ளே போகிற அந்த நேரத்தில் ரொட்டியை யார் சுடுவது? பாபாஜி சுட மாட்டார். அந்த வீட்டின் இன்னொரு மருமகள்தான் சுடுவாள். மன விடுதலை பெண்களிடையே நடக்கும் பேச்சில் கிடைத்துவிடலாம். நேரம் அப்படிக் கிடைப்பதில்லை.

இந்த இடத்தை 2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படம் கூர்மையாகப் பிடித்திருக்கிறது. ஜியோ பேபி இயக்கிய இந்தப் படத்தில் நாயகிக்குப் பெயரே கிடையாது. ஒழுகும் கழுவுதொட்டிக் குழாயைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடச் சொல்லி அவள் கணவனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவன் திரும்பத் திரும்ப மறந்துபோகிறான். மறதி ஒரு சலுகை. அவனுடைய நேரம் அவனுக்கு மிச்சமாகிறது. அவளுடைய நேரம் அந்த அழுக்குத் தண்ணீரை அள்ளிக் கொட்டுவதில் போகிறது.

அந்த வீட்டில் அவளுக்கு ஓய்வு கிடைக்கிற நாட்கள் உண்டு. மாதவிலக்கு நாட்கள். அப்போது சமையலறைக்கு உஷா என்ற வேலைக்காரப் பெண் வருகிறாள். அவளுக்கும் அந்த நாட்கள் வரும். அதைச் சொல்லாமல் வேலைக்குப் போய்விடுவாள். கூலி போனால் வீடு நடக்காது. என் பாட்டியும் சொல்வாள், “அந்த மூணு நாள்தான் தாயி நான் காலை நீட்டிப் படுத்தது” என்று. தீட்டு என்று பெயர் சூட்டித்தான் நம் சமூகம் பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. அதுவும் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கவில்லை.

படத்தின் முடிவில் நாயகி வெளியேறி நடனம் கற்பிக்கிறாள். அந்த வீட்டில் கணவனின் அடுத்த மனைவி எச்சில் கோப்பையைக் கழுவப் போகிறாள். அவள் விட்டுப்போன நேரக் கடன் அப்படியே இன்னொரு பெண்ணின் தலையில் விழுகிறது. அவனுக்கு ஒரு நிமிடமும் செலவாகவில்லை.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. 2019இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். அதைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ‘செய்கிற’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும்: பெண்களில் நூற்றுக்கு 81 பேர் செய்கிறார்கள், ஆண்களில் 26 பேர்தான். செய்கிறவர்களுக்கு இடையே மட்டும் வித்தியாசம் 202 நிமிடம். ஆண்டுக்குக் கூட்டினால் 1,200 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 150 நாளைத் தாண்டுகிறது. முப்பது நிமிடம் ஒதுக்கச் சொல்கிறவர்கள் இந்த 202 நிமிடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அப்படியானால் நாம் ஓய்வெடுக்கக் கூடாதா? குற்றவுணர்ச்சியோடு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டுமா? இல்லை. ஆட்ரி லார்ட் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு எழுதி 1988இல் வெளியிட்ட நூலில், தன்னைக் கவனித்துக்கொள்வது சொகுசு அல்ல, உயிரைக் காத்துக்கொள்ளும் அரசியல் போர் என்ற பொருளில் சொன்னார். அவர் கறுப்பினப் பெண், லெஸ்பியன், தான் பிழைத்திருப்பதை விரும்பாத சமூகத்தில் வாழ்ந்தவர். அந்தப் பேச்சில் போரை விட்டுவிட்டுக் கவனித்துக்கொள்வதை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று வாசனைச் சோப்பு விற்கிறார்கள். போர் என்றால் எதிரில் யாரோ இருக்க வேண்டும். நேரத்தை எடுத்து வைத்திருப்பவரிடமிருந்துதான் அதை வாங்க முடியும். எனக்கு அது அலுவலகம், விடுதி, பிறகு எங்கள் வீட்டு ஆண்கள். நான் கைவைத்ததோ என் தூக்கத்திலும் அம்மாவின் கால்களிலும்.

எங்கள் விடுதியில் ஒரு நோட்டு உண்டு. வெளியே போகும் நேரம், போகும் இடம், காரணம், திரும்பும் நேரம் என்று நான்கு கட்டம். மூன்றாவது கட்டத்தில் ‘சும்மா’ என்று ஒருமுறை எழுதினேன். வார்டன் அடித்துவிட்டு ‘மருந்துக் கடை’ என்று எழுதச் சொன்னார். 2015இல் டெல்லியில் மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை என்று விடுதிப் பூட்டுகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியதைச் செய்தியாகப் படித்தபோது பாதுகாப்பு பற்றிய விவாதம் என்றுதான் நினைத்தேன். அது நேரத்தைப் பற்றிய போராட்டமும்தான். தனக்கான நேரம் என்பது முப்பது நிமிடமா மூன்று மணி நேரமா என்பது பெரிதல்ல. யாருக்கும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டாத நேரம் எதுவோ அதுதான் நம்முடையது.

ஊரிலிருந்து திரும்பிய மாதத்தில் அலுவலகத்தில் இரவு வேலைக்கு முடியாது என்று சொன்னேன். அந்த ஆண்டுச் சம்பள உயர்வு குறைந்தது. பிறகு அப்பாவிடமும் தம்பியிடமும் பேசினேன். அது அலுவலகத்தைவிடக் கடினமாக இருந்தது. கடைசியில், மாதத்தில் நான் வருகிற ஒரு ஞாயிறு மதியத்திலிருந்து இரவு வரை அடுப்படி அவர்கள் பொறுப்பு என்று முடிவாயிற்று. மாதத்துக்கு ஒரு பாதி நாள். சிரிப்பு வருகிற அளவுதான்.

முதல் ஞாயிறு அம்மா பின்கட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தாள். “சும்மா உக்காந்து என்னத்தட்டி செய்ய?” என்றாள். இரண்டாம் ஞாயிறு நான்கு தடவை வந்து உப்புப் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு மூன்று மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டாள். “எங்க போற?” என்றார் அப்பா. “சும்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது ஏழு மணி. அப்பா மறுபடியும் கேட்டார். அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள், பதில் சொல்லவில்லை. எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கேட்கவில்லை. நாலு பேரும் சாப்பிட்டோம். தம்பி வைத்த ரசத்தில் புளி அதிகம். சாப்பிட்டு முடித்து அம்மா தட்டை எடுக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். தட்டுகள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன. தம்பிதான் எழுந்தான்.