அரசன் செத்த பிறகு தொடங்கும் ஆட்டம்

வியூக விளையாட்டுகளில் அரசனுக்குப் பெரும்பாலும் சாவே கிடையாது. ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் கி.மு. 4000-இல் பொறுப்பேற்ற தலைவர் விண்கலம் ஏவும் காலத்திலும் அதே முகத்தோடு ஆண்டுகொண்டிருப்பார். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இன் ரெஜிசைடு ஆட்டத்தில் அரசன் வெட்டுப்பட்டால் அத்தோடு தோல்வி. சதுரங்கத்தின் பழைய நியாயம் அது. ஸ்டாக்ஹோம் நகரத்துப் பாரடாக்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘கிரூசேடர் கிங்ஸ்’ இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அரசனின் மரணத்தை ஆட்டத்தின் நட்டநடுவில் கொண்டுவந்து வைத்தது. இதில் ஆடுபவர் கையில் இருப்பது ஒரு வம்சம். அரசன் கண்மூடியதும் வாரிசின் உடம்பில் ஏறி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அரியணை ஏற வம்சத்தில் ஆள் இல்லாமல் போனால்தான் ஆட்டம் முடியும். 2012-இல் இரண்டாம் பாகமும் 2020-இல் மூன்றாம் பாகமும் வந்தன. வாரிசுரிமை ஒரு கலையாகக் கனிந்திருப்பது மூன்றாம் பாகத்தில்தான்.

அதில் பெரும்பாலான அரசுகளுக்குத் தொடக்கத்தில் வாய்ப்பது பாகப்பிரிவினைச் சட்டம். மூத்த மகனுக்கு முதன்மை முடி. மற்ற நிலங்களில் தம்பிகளுக்கும் பங்கு. கொடுமை அதற்கு அடுத்த விதியில் இருக்கிறது. தந்தை பிடித்த நிலம் இன்னொரு ராஜ்யத்துக்குப் போதுமானதாக இருந்தால், அவர் அந்த முடியை உருவாக்காமல் விட்டிருந்தாலும், அவர் செத்த அன்று சட்டமே அதை உருவாக்கி இளையவன் தலையில் வைத்துவிடும். அவன் அண்ணனுக்குக் கட்டுப்படாத தனி அரசன். நன்றாகப் போரிட்டு நாட்டைப் பெருக்கியவரின் வீடுதான் சீக்கிரம் உடையும். பங்காளி என்ற சொல்லைப் பகையின் சாயலோடும் புழங்கும் தமிழ்க் காதுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இது வடிவமைப்பாளர்களின் கற்பனையும் அல்ல. ஆட்டத்தின் ஒரு தொடக்கப் புள்ளி 1066 செப்டம்பர். அப்போது ஸ்பெயின் பக்கம் திரும்பினால் மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று அரியணைகளில் உட்கார்ந்திருப்பார்கள். முந்தைய ஆண்டின் இறுதியில் இறந்த முதலாம் பெர்னாண்டோ தன் நாட்டைப் பிரித்து, மூத்தவன் சாஞ்சோவுக்குக் காஸ்டிலையும் நடுவன் அல்ஃபோன்சோவுக்கு லியோனையும் கடைக்குட்டி கார்சியாவுக்குக் கலீசியாவையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வரலாற்றில் அடுத்து நடந்தது தெரிந்த கதை. கார்சியா நாட்டை இழந்தார். அல்ஃபோன்சோ தோற்று தொலேதோவின் முஸ்லிம் அரசரிடம் தஞ்சம் புகுந்தார். 1072-இல் தமோரா நகர முற்றுகையின்போது சாஞ்சோ கொலையுண்டார். நகரைப் பிடித்து வைத்திருந்தது அவருடைய சொந்த அக்கா உர்ராக்கா. எல்லாம் அல்ஃபோன்சோவின் கைக்கு வந்தது. கார்சியா சிறையிலேயே கிடந்து 1090-இல் இறந்தார். ஆட்டத்தில் எப்போதும் இப்படியே முடியாது; ஆனால் மூவரும் சேர்ந்து சமாதானமாக வாழ்ந்து முடிப்பது அபூர்வம்.

ஆட்டத்தின் நுட்பம் தெரிய, அரசனின் வாரிசுப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். வயது ஐம்பத்தெட்டு, மகன்கள் மூவர். தான் செத்தால் எந்தக் கோட்டை எவனுக்குப் போகும் என்பது அங்கே வரிசையாக எழுதியிருக்கும். இளையவனின் பெயருக்கு நேரே நாட்டின் வளமான நிலம். வழிகள் இல்லாமல் இல்லை. அவனைத் துறவு பூணச் சொல்லலாம். வீரனாகப் படையோடு அனுப்பி, திரும்பி வராமல் இருக்கட்டும் என்று காத்திருக்கலாம். வாரிசுரிமையைப் பறிக்கலாம், ஆனால் அதற்கு வம்சத்தின் பெருமதிப்பைச் செலவழிக்க வேண்டும், அதாவது பேரப்பிள்ளைகளின் சேமிப்பில் கைவைக்க வேண்டும். கொலையும் உண்டு. இரக்ககுணம் படைத்த அரசன் அதைச் செய்தால் மனஅழுத்தம் ஏறி, குடியிலோ வேறு கெட்ட பழக்கத்திலோ விழக்கூடும். மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டம் 1200-க்குப் பிந்தைய காலத்துக்கு உரியது; அதுவரை காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த செய்தி வரும்போது ஆடுபவர் மனத்தில் முதலில் எழுவது சலிப்புதான். வேறெந்த விளையாட்டும் ஒரு தகப்பனை இப்படி யோசிக்க வைத்ததில்லை.

மரணத்துக்குப் பின் இன்னொரு பாடு. நாற்பது ஆண்டு ஆண்டவர் மேல் சிற்றரசர்களுக்கு இருந்த மரியாதை மகனுக்கு வராது. புதிய ஆட்சி என்பதற்காகவே அவன்மேல் மதிப்புக் குறைவு. அப்பா காலத்தில் வாய் திறக்காதவர்கள் அணி சேர்ந்து, சித்தப்பாவுக்கு முடியைக் கொடு என்று ஓலை அனுப்புவார்கள். முந்தைய சேமிப்புக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் முறையில் ஆடுபவருக்கு இந்த ஓலை வரும் நொடியில் உண்மையிலேயே வயிறு கலங்கும்.

குறையும் உண்டு. யாருக்கு எது போகும் என்று ஆட்டம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மெய்யான அரசர்களுக்கு அப்படியொரு பட்டியல் கிடைத்ததில்லை. அதைவிடப் பெரிய குறை வம்சம் என்பதை அது கணக்கிடும் முறையில் இருக்கிறது. வழக்கமான திருமணத்தில் பிள்ளை தந்தையின் வம்சம். தாய்வழியாக எண்ண வேண்டுமானால் திருமணத்தின்போதே பேசி முடித்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நிலப்படத்தில் சோழநாடும் உண்டு. அங்கே 1070-இல் அதிராஜேந்திரன் இறந்தபின் முடிசூடிய முதலாம் குலோத்துங்கன், வேங்கியின் கீழைச் சாளுக்கிய அரசன் ராஜராஜ நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கதேவி முதலாம் ராஜேந்திர சோழனின் மகள். ஆட்டத்தின் கணக்கில் அவன் சாளுக்கியன். சோழனாக ஆடியவருக்கு வேறு வாரிசு இல்லையென்றால் திரை அங்கேயே அணைந்துவிடும். வரலாற்றில் குலோத்துங்கனும் அவன் வழிவந்தவர்களும் சோழர் என்ற பெயரிலேயே மேலும் இருநூறு ஆண்டுகள், 1279 வரை ஆண்டார்கள்.