கிழக்கிலங்கை முஸ்லிம்களின் 'கவி'யும் எதுகைத் தொடையும்

எதுகை, மோனை ஆகியவற்றைச் செய்யுளின் புறத்தே பூட்டப்படும் அணிகலன்களாகக் கருதும் போக்கு நம் திறனாய்வில் நெடுங்காலமாக நிலவுகின்றது. மரபுவாதி அவ்வணியைப் போற்றுகின்றான். புதுக்கவிதையாளன் அதனைக் களைகின்றான். அஃது ஆற்றும் பணி யாது என இருவரும் வினவுவதில்லை. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம் உழவரிடையே வழங்கிவந்த 'கவி' என்னும் நாட்டார் பாடல் இவ்வினாவுக்கு விடை தருகின்றது எனக் கருதுகின்றோம்.

கவி நான்கு சிற்றடிகளாக அச்சிடப்படுவது வழக்கம். முதலாம், மூன்றாம் அடிகள் எதுகையால் இணைவதும், ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் மோனையால் இணைவதும் பரவலாகக் காணப்படும். இரு சிற்றடிகளை ஒரு நெடிய அடியாகக் கொண்டால், முன்னையது அடியெதுகையாகவும் பின்னையது அடியினுள் அமையும் மோனையாகவும் விளங்கும். யாப்பருங்கலக்காரிகையைக் கற்றறியாத ஆண்களும் பெண்களுமே இவ்வொழுங்கைப் பேணினர்.

தமிழில் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் சொல்லின் இறுதியில் நிற்பன. 'வந்தான்', 'போனான்' என அடுக்கினாலே இயைபு கிட்டிவிடும். எதுகையோ சொல்லின் தொடக்கத்தில், பொருள் தாங்கும் பகுதியில் விழுகின்றது. எனவே அது விகுதிகளையன்றிப் பொருள்களையே எதிரெதிர் நிறுத்துகின்றது. எழுத்தறிவு வாய்க்காதோர்க்கு அது நினைவின் கருவி. கேட்ட கவிக்கு விடையாக மற்றொன்றைக் கட்டுதற்குரிய பொதுச்சொத்து. எதுகையைப் பொருளுற்பத்தி உறவின் நேரடி விளைவு என்பது கொச்சை மார்க்சியமாகும். அதன் ஒலியமைப்பு மொழிக்குரியது, பயன்பாடு சமூகத்திற்குரியது.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலியோர் இப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியமை பெரும்பணியாகும். ஆயின், நாட்டார் பாடலைச் செந்தமிழாக்கித் 'திருத்தும்' மனப்பாங்கு நம்மிடையே இன்னும் மறையவில்லை. 'உம்மா'வை 'அன்னை' ஆக்கினால் அதற்கு எதுகையாக நின்ற 'சும்மா' துணையிழக்கும். 'வாப்பா'வைத் 'தந்தை' ஆக்கினால் 'கூப்பாடு' தனித்துப்போகும். பேச்சுவழக்கைக் குறையெனக் காணும் கண், அவ்வழக்கே பாடலின் கட்டுமானம் என்பதைக் காண்பதில்லை. இவ்வாறு திருத்துவது, பாடிய வர்க்கத்தை அதன் பாடலிலிருந்தே வெளியேற்றுவதாகும்.

பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் (1931–1975) இப்பிரதேசத்து உழவர் வாழ்வை 'வேளாண்மை' (1982) என்னும் காவியத்தில் யாப்பினுள்ளேயே பாடினார். மண்ணின் வழக்கும் யாப்பும் பகையல்ல என்பதற்கு அது சான்று. இன்று வயலில் இயந்திரம் அறுவடை செய்கின்றது. கவி பெரிதும் ஏட்டிலேயே எஞ்சியுள்ளது. ஆதலின், கேட்ட ஒலியைக் கேட்டவாறே பதிவுசெய்வது ஆய்வாளனின் முதற் கடமையாகின்றது.