ஜமாவும் ஊரும்: கூத்துக்கு ஆள் சேர்க்கும் இரண்டு வழிகள்

மட்டக்களப்புப் பக்கத்து ஊரொன்றில் இந்த ஆண்டு கூத்துப் போடுவது என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டால், முதல் வேலை கூத்துப் பழக்கும் ஒரு நல்ல அண்ணாவியாரை அழைத்துவருவது. ஆட்டக்காரர்களை வெளியே தேட வேண்டியதில்லை. வயல் செய்பவர், மீன் பிடிப்பவர், கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூடத்துப் பையன் என்று எல்லோரும் ஊரிலேயே இருக்கிறார்கள். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்து அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பார். அதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டு காலில் ஏறியதும் சதங்கை அணியும் நாள் வரும். அதன் பின் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியில் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அத்தோடும் விடுவதில்லை. வேடத்தோடு வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர்கள் மனமுவந்து கொடுப்பது அண்ணாவியாரின் சன்மானத்துக்கும் செலவுக்கும் போகும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு வட்டாரத்தில் நடப்பது வேறு. திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்கு நாள் குறித்ததும் ஊர்க்காரர்கள் கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துப் பேசி முடிப்பார்கள். குறித்த நாளில் ஜமா எனப்படும் கூத்துக்குழு வந்து இறங்கும். வேடக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, கிரீடமும் புஜக்கீர்த்தியும் அடுக்கிய பெட்டி, எல்லாம் கூடவே வரும். பகலில் பாரதப் பிரசங்கியார் கதை சொல்வார். அந்தக் கதையை இரவில் ஜமா ஆடிக்காட்டும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் நடக்கும். அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான்.

பாட்டாலும் ஆட்டத்தாலும் இரவு முழுக்கக் கதை நடத்தும் ஒரே குடும்பத்துக் கலைகள் இவை. கட்டியக்காரன் இரண்டிலும் உண்டு. மகாபாரதமே இரண்டுக்கும் பெரிய களஞ்சியம். ஆனால் குழு நடத்தும் கணக்கு அடியோடு வேறு. தமிழ்நாட்டில் ஜமா பார்வையாளரைத் தேடிப் போகிறது. மட்டக்களப்பில் பார்வையாளர் நடுவிலிருந்துதான் குழுவே எழுகிறது. புதிய ரசிகர்கள் வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது இருதரப்பும் வெவ்வேறு வழியில் போனதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இலங்கையில் வழி பல்கலைக்கழகத்துக்குள் போனது. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் கொழும்பில் மேடையேறி, ஆங்கில நாடகமே நாடகம் என்றிருந்த சிங்கள நடுத்தர வர்க்கத்தை உலுக்கியது. அது கையாண்ட ‘நாடகம’ என்னும் சிங்கள மரபு தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் வழியில் உருவானது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சரச்சந்திர இருந்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் இருந்தார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்ற அவர் ஊர் ஊராகப் போய்க் கூத்துப் பார்த்தார், அண்ணாவிமாரை மேடையேற்றி மதிப்புச் செய்தார், ஏட்டில் கிடந்த கூத்துகளை அச்சிட்டார். மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றைத் தயாரித்தார். விடியும்வரை போகும் ஆட்டம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. நாற்புறமும் சனம் சூழ்ந்த வட்டக்களரி போய், ஒருபக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது. கூத்தென்றால் படியாத சனத்தின் பொழுதுபோக்கு என்று முகம் சுளித்தவர்கள் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார்கள். ‘இராவணேசன்’ எழுதி இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். அந்த நாடகத்தைப் புத்தாயிரத்திலும் புதிய தலைமுறையை வைத்துத் திரும்பத் தயாரித்தார்.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கூத்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனது, ஆனால் அதைக் காப்பாற்றி வைத்த ஊர் கூடப் போகவில்லை. அண்ணாவியார் பேராசிரியரின் உதவியாளராகச் சுருங்கினார். இந்தக் குறையை உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் சி. ஜெயசங்கர். மட்டக்களப்பின் மூன்றாவது கண் குழுவோடு அவர் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனை ஊரில் தொடங்கிய பணிக்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர். கூத்தை நகரத்துக்குக் கொண்டுபோகாமல் ஊரிலேயே, வட்டக்களரியிலேயே, முழு இரவாகவே ஆடுவது. ஆனால் பிரதியைப் பற்றி ஊராரோடு உட்கார்ந்து பேசுவது. இந்த வரி பெண்ணை இழிவுபடுத்துகிறதே, அந்த வரி ஒரு சாதியைக் கேலி செய்கிறதே, இப்படியே விடலாமா என்று ஆட்டக்காரரும் அண்ணாவியாரும் விவாதித்து மாற்றினார்கள். சிறுவர்களுக்கென்று தனிக் கூத்துகளும் பழக்கினார்கள். புதிய பார்வையாளர் என்றால் வேற்றூர்க்காரர்தான் என்றில்லை. இதுவரை களரிக்கு வெளியே நிறுத்தப்பட்ட சொந்த ஊர்ப் பெண்ணும் புதிய பார்வையாளரே என்ற நிலைப்பாடு அது.

யாழ்ப்பாணக் கதை இன்னும் கூர்மையானது. 1969இல் சாதிக் கொடுமைக்கும் கோயில் நுழைவு மறுப்புக்கும் எதிரான போராட்டம் சூடாக இருந்த வேளையில், என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்தின் மெட்டை எடுத்துக்கொண்டு ஆடப்பட்டது. சிறுவயதிலிருந்து காதில் விழுந்த மெட்டு என்பதால் சனம் சட்டென்று பிடித்துக்கொண்டது. கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் தேவாலயம்தான் கூத்தை வளர்த்தது. அந்த ஊற்றிலிருந்து வந்த நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் பெருங்கூட்டத்துக்கு முன் திருப்பாடுகளின் நாடகங்களையும் கூத்துகளையும் நடத்திக்காட்டியது.

தமிழ்நாட்டில் கூத்துக்குப் புதிய ஆள் வந்தது வேறொரு திசையிலிருந்து. 1970களில் புரிசை என்ற ஊரைச் சேர்ந்த கூத்து வாத்தியார் நடேச தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்த எழுத்தாளர் ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்குத் தேவையானது இதில் இருக்கிறது என்று எழுதவும் பேசவும் தொடங்கினார். 1977இல் கூத்துப்பட்டறை உருவானது. புரிசை கண்ணப்ப தம்பிரான் அங்கே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இங்கே பேராசிரியர் இயக்குநராகவில்லை, வாத்தியார் வாத்தியாராகவே இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். புரிசை ஜமா தன் பெட்டியோடும் தன் முறையோடும் சென்னைக்கும் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போய்வந்தது. பிரெக்டின் வெண்கட்டி வட்டக் கதையையும், காப்ரியல் கார்சியா மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் அடவும் விருத்தமுமாக ஆடியது. திரும்பி வந்து அதே பங்குனியில் அதே கோயில் வாசலில் கர்ண மோட்சம் போட்டது. கண்ணப்ப தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் புரிசையில் நடக்கும் கூத்து விழாவுக்கு நகரத்து ஆட்கள் பேருந்து பிடித்துப் போகிறார்கள். ரசிகரையே கலை இருக்கும் ஊருக்கு வரவழைத்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். கண்ணப்ப தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

காஞ்சிபுரத்தில் நடந்த முயற்சிக்கு அடித்தளம் தொழிற்சங்கம் போன்றது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினும் மற்றக் கலைஞர்களும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். ஆடுபவர்கள்தான் உறுப்பினர்கள். 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். பெண் வேடத்தைக்கூட ஆண்களே கட்டிவந்த கலையில் சிறுமிகள் துரியோதனன் வேடம் கட்டும் காலம் அப்படித்தான் வந்தது. கர்நாடக இசைப் பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இந்தக் குழுவோடு சேர்ந்து கச்சேரியையும் கூத்தையும் ஒரே மேடையில் வைத்தபோது, சபா ரசிகர் பலர் முதல்முறையாக முழுக் குரலில் பாடும் கூத்துக்காரனைக் கேட்டார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்ததே பெரிய காரியம்.

பணத்தைப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. ஜமாக்காரருக்குக் கூத்து சோறு. பங்குனி முதல் ஆடி வரையிலான விழாக் காலத்தில் ஆடிச் சேர்ப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களைத் தள்ள வேண்டும். 2020இல் கொரோனா முடக்கம் சரியாக அந்த மாதங்களில் விழுந்தபோது வருமானம் அப்படியே நின்றது. மட்டக்களப்பில் அதே முடக்கம் கூத்தைத்தான் நிறுத்தியது, ஆட்டக்காரரின் பிழைப்பை அல்ல. ஆட்டக்காரர் வயலுக்கும் வாவிக்கும் போகும் ஆள். அங்கே ஆபத்து வேறு வகையானது. ஊரே குழு என்பதால் ஊர் சிதறினால் குழுவும் சிதறும். போர் ஆண்டுகளில் இடப்பெயர்வும் ஊரடங்கும் இரவுக் கூத்தை முறித்துப்போட்டன. பணம் கொடுத்து அடுத்த ஊரிலிருந்து ஒரு கர்ணனை வரவழைக்கும் வசதி அந்த முறையில் இல்லை.

இலங்கையின் மலையகம் இந்த இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்கள் கொண்டுபோன காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அங்கே மாறிப்போயின. கதை இந்தியாவினுடையது, நடத்தும் முறை இலங்கையினுடையது. தோட்டத்துத் தொழிலாளரே மாசி மாதத்தில் காமன் நட்டு, ரதி மதன் வேடம் கட்டி, லயம் லயமாக ஆடுகிறார்கள். இரு நாட்டுக் கூத்தையும் பற்றி எழுதுவோர் மலையகத்தைச் சில வரிகளில் கடந்துபோவது நியாயமில்லை. இந்தக் கட்டுரையும் அதையேதான் செய்கிறது, இடம் போதாமையால்.

எது நல்ல வழி என்று கேட்டால், கலையின் தேர்ச்சிக்கு ஜமா, ரசிகரின் நெருக்கத்துக்கு மட்டக்களப்பு என்று இரண்டாகத்தான் சொல்ல முடியும். களரியில் நிற்கும் தருமர் தன் மச்சான் என்றால் எந்தக் கிழவியும் நடுச்சாமத்தில் எழுந்து போகமாட்டாள். ஆனால் முகவீணைக்காரருக்கு நாற்பது வருடக் கைப்பழக்கம் வேண்டும். அது மாதக் கணக்கில் பழகி வருவதில்லை. இந்தியாவின் ஜமாக்கள் ஒவ்வொரு ஊரிலும் நாலு இளைஞருக்காவது அடவு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். இலங்கையின் கலாசார அமைச்சு, வயதான பிறகு ஒரு கலாபூஷணம் பட்டத்தோடு நிறுத்தாமல், ஆடும் வயதிலேயே அண்ணாவிமாருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம்.

படிப்பவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பங்குனி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் ஏதாவதொரு திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடந்துகொண்டே இருக்கும். டிக்கெட் கிடையாது, யாரும் அழைப்பிதழ் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்குப் போய்ப் பாயை விரித்து, படுகளம்வரை இருந்து பார்த்துவிட்டு வரலாம். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.