விண்ணிலிருந்து எண்ணிய மண்மேடுகள்

சிரியாவின் வடகிழக்கில் காபூர் ஆற்றுப் படுகையில் பழங்குடியிருப்புகள் இருந்த இடங்கள் ஏறத்தாழ 14,000 என்று 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. எழுதியவர்கள் கணிப்பொறி அறிஞர் பியோர்ன் மென்சே, தொல்பொருள் ஆய்வாளர் ஜேசன் ஊர் ஆகிய இருவர். ஆராய்ந்த பரப்பு 23,000 சதுர கிலோமீட்டர். இதைக் கால்நடையாகச் சுற்றி முடிக்க ஒருவர் ஆயுள் போதாது.

அவர்கள் கையாண்ட முறையை முதலில் பாராட்ட வேண்டும். அப்பகுதி மக்கள் சுடாத மண் கற்களால் வீடு கட்டினர். வீடு இடிந்தால் அதன் மேலேயே மற்றொன்று. இவ்வாறு உயர்ந்த மேட்டைத் 'தெல்' என்கின்றனர். இடிந்த கல்லும் குப்பையும் மக்கிய அந்த மண் சுற்றியுள்ள வயல் மண்ணைவிட வெளிறியது, நுண்ணியது. ஆகவே கண்ணுறு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் அது வேறு விகிதத்தில் எதிரொளிக்கும். செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி இவ்வேறுபாட்டை 15 மீட்டர் நுட்பத்தில் பதிவு செய்தது.

ஒரே படத்தை நம்பியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் மண் கறுக்கும். பயிர் வளர்ந்தால் மண்ணே தெரியாது. எனவே பல பருவங்களில், பல ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, திரும்பத் திரும்பத் தென்படும் இடங்களையே ஏற்றனர். தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காணும் மாணவருக்கு இதன் அருமை புரியும்.

குறை எங்கே? மேடுகளின் கன அளவைக் காண, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் 11 நாள் எடுத்த உயரப் படத்தைப் பயன்படுத்தினர். அன்று பொதுவில் கிடைத்த அப்படத்தின் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 90 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை உண்டு. 40 மீட்டர் உயர்ந்து நிற்கும் தெல் பிராக்குக்கு இது போதும். ஒன்றிரண்டு மீட்டரே உயர்ந்த சிற்றூர் மேடு பிழைக்குள் மறைந்துவிடும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. கன அளவு மிகுந்தால் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்று கொள்கிறார்கள். கன அளவு மின்னூட்டம் போன்றது. மின்னோட்டத்தைக் காலத்தால் பெருக்கினால் மின்னூட்டம் கிடைக்கும். மின்னூட்டம் மட்டும் தெரிந்தால் காலத்தை எப்படிச் சொல்வது? பலர் சில நூற்றாண்டு வாழ்ந்த மேடும், சிலர் பல நூற்றாண்டு வாழ்ந்த மேடும் ஒரே அளவாக இருக்கலாமே!

இதற்குச் சான்று ஊர் அவர்களின் கையிலேயே இருந்தது. 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக அவரும் பிறரும் தெல் பிராக்கைச் சுற்றியுள்ள வயல்களில் பானை ஓடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தபோது, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில் அந்நகரம் 130 ஹெக்டேர் அளவுக்குப் பரவியிருந்ததைக் கண்டனர். அதில் பெரும்பகுதி நடு மேட்டுக்கு வெளியே, தாழ்ந்த நிலத்தில் இருந்தது. பரப்பில் பெரியது, கன அளவில் அற்பம்.

நீர் வசதியோடு, ஊர்களை இணைத்த பாதைகளும் மேடுகளை வளர்த்தன என்பது கட்டுரையின் முடிவு. நீர் பற்றிய கூற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பாதைகள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. மேடுகளோ எட்டாயிரம் ஆண்டுகளில் சேர்ந்தவை. ஒரு காலத்துப் பாதை எல்லாக் காலத்து மண்ணுக்கும் எவ்வாறு காரணமாகும்? பெரிய ஊர்கள் ஏற்கெனவே இருந்ததால் பாதைகள் அங்கே சென்றிருக்கவும் கூடும்.

14,000 என்ற எண்ணையும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அவை ஒரே காலத்தில் இருந்த ஊர்கள் அல்ல. காலத்தைச் சொல்ல வல்லது மேட்டில் கிடக்கும் பானை ஓடுதான். அதை எந்தச் செயற்கைக்கோளும் பொறுக்கித் தராது. அங்கே 2011இல் மூண்ட உள்நாட்டுப் போரினால் அயல்நாட்டு ஆய்வாளர்களின் களப்பணி நின்றது. ஆகவே கட்டுரை வெளிவந்தபோதே அதைச் சரிபார்க்கும் வழி அடைபட்டிருந்தது.