நவீனக் கலையும் குழந்தைகளுக்கான பட நூல்களும்

நவீன ஓவியத்தையும் சிற்பத்தையும் இளம் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் பட நூல்கள் இரு வகைப்படும். கலைஞரின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்பவை ஒரு வகை. கலைஞரைப் பற்றி எதுவும் சொல்லாமல் நவீனக் கலையின் மொழியிலேயே கதை சொல்பவை மற்றொரு வகை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்று பெருநகரக் கலைக்கூடங்களுக்குத் தொலைவில் உள்ள ஊர்களில், குழந்தை காணும் முதல் நவீன ஓவியம் பட நூலின் பக்கமாகவே இருக்கக்கூடும். ஆகவே அந்த நூல் எதைக் கற்பிக்கிறது என்பது முக்கியமாகிறது.

வாழ்க்கைக் கதைகள்

சென்னையின் தூலிகா பதிப்பகம் அமிர்தா ஷெர்கில், ஜாமினி ராய், எம்.எஃப். ஹுசேன் ஆகியோரைப் பற்றிக் குழந்தைகளுக்கான ஆங்கில நூல்களை வெளியிட்டது. இந்திய ஓவியர்களைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்த முன்முயற்சிகள் இவை. ஆனால் வாழ்க்கைக் கதை என்னும் வடிவத்துக்கே ஓர் ஆபத்து உண்டு. அது சாதனை வரலாறாகச் சுருங்கினால், ஓவியர் பெரியவர் என்று குழந்தை அறிந்துகொள்ளும். ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாது.

ஏமி நோவெஸ்கி எழுதி இசபெல் ஆர்சனோ படம் வரைந்த 'கிளாத் லல்லபை' (2016) இந்த ஆபத்தைத் தாண்டிய நூல். அதன் நாயகி சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா (1911–2010). பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். 1999-ல் அவர் உருவாக்கிய மாபெரும் சிலந்திச் சிற்பத்துக்கு பிரெஞ்சில் 'அம்மா' என்று பொருள்படும் 'மமான்' என்று பெயரிட்டார். சிலந்தி எப்படி அம்மா ஆகும்? அறுந்த வலையை மீண்டும் பின்னுவது சிலந்தி. கிழிந்த துணியை மீண்டும் தைத்தவர் அவருடைய தாய். இந்த ஒப்புமையைப் புத்தகம் இழை, ஊசி, துணி ஆகியவற்றின் வழியே மெல்ல உணர்த்துகிறது. பஞ்சாலை ஊரான ராஜபாளையத்திலோ, மருத்துவத் துணி நெய்யும் அருகிலுள்ள சத்திரப்பட்டியிலோ வளரும் குழந்தைக்கு இழை அறுவதும் முடிச்சிடுவதும் புதியவை அல்ல. அந்தக் குழந்தை பூர்ஷ்வாவின் சிற்பத்துக்குள் நுழைய வேறு அறிமுகம் தேவைப்படாது.

கலையாகவே அமைந்த நூல்கள்

லியோ லியோனியின் 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' (1959) இரண்டாம் வகையின் முன்னோடி. ரயில் பயணத்தில் பேரக்குழந்தைகளை அமைதிப்படுத்த, இதழின் பக்கங்களைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. கை, கால், முகம் எதுவும் இல்லாத நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் நண்பர்கள். தழுவிக்கொண்டதும் இருவரும் பச்சையாகிறார்கள். அரூப ஓவியம் என்ற சொல்லே இல்லாமல், உருவமற்ற வண்ணத்துக்கும் உணர்ச்சி உண்டு என்று குழந்தை ஏற்றுக்கொள்கிறது. சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006) கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட நூல். அதில் தாளின் நிறமே இரவாகிறது.

உள்ளூர் வாசல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் வைக்கப்படும் கிளி, நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்யப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. மாதுளம்பூ அலகாக முடியும் என்று கண்ட குழந்தைக்கு, மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்து பிக்காசோ 1942-ல் செய்த காளைத்தலை விசித்திரமாகத் தோன்றாது. ஒரு பொருள் தன் அடையாளத்தை இழக்காமலேயே இன்னொன்றாகத் தெரிவதுதான் இரண்டிலும் உள்ள வியப்பு.

ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது பிழை. இலைக்கிளி மரபு வகுத்த வடிவத்தை ஒவ்வொரு நாளும் மீண்டும் அடைகிறது. அதன் பெருமை அந்தத் தொடர்ச்சியில் உள்ளது. காளைத்தலை அதுவரை இல்லாத ஓர் இணைப்பு. 'நவீனக் கலை எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று முடிக்கும் நூல், குழந்தையிடமிருந்து அந்தப் புதுமையின் அதிர்ச்சியைப் பறித்துவிடும்.

பள்ளி ஓவிய வகுப்பு பெரும்பாலும் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து வரைவதாகவே இருக்கிறது. 'சரியாக வரவில்லை' என்ற சொல்லுக்குப் பயந்து வரைவதையே நிறுத்திவிடும் குழந்தைகள் உண்டு. அந்தப் பயம் வருவதற்கு முன்பே இத்தகைய நூல்கள் கைக்கு வரவேண்டும். 'இது என்ன?' என்பதோடு 'இது எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது?' என்றும் கேட்கவைக்கும் பட நூலே குழந்தையைக் கலையின் பார்வையாளராகவும், கத்தரியும் தாளும் எடுக்கத் துணிபவராகவும் ஆக்குகிறது.